ஃபைபர் இணைப்பு, ஓராண்டுக்குப் பின்: படம் போய்ச் சேர்ந்ததா என்பதை வைத்து ஒரு மதிப்பீடு

குலசேகரம் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ஸ்கேன் மையத்தின் கணினிகளையும் இணையத் தொடர்பையும் கவனித்துக்கொள்வது என் வேலை. எங்கள் மையத்தில் ரேடியாலஜி மருத்துவர் பகலில் மட்டுமே இருப்பார். மாலை ஆறு மணிக்குப் பிறகு எடுக்கப்படும் சிடி ஸ்கேன் படங்கள் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு மருத்துவரின் கணினிக்கு இணையம் வழியாகச் செல்லும். அவர் பார்த்து அறிக்கை அனுப்பும்வரை, பைக்கிலிருந்து விழுந்தவரின் மனைவியோ, தென்னையிலிருந்து விழுந்தவரின் மகனோ வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். ஓராண்டுக்கு முன் ஓர் உள்ளூர் கேபிள் நடத்துநரிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். ஏற்றவும் இறக்கவும் ஒரே வேகம் என்பது திட்டம். அந்த இணைப்பைப் பற்றியதே இந்த மதிப்பீடு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே வகை இணைப்பு அருமனையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பலரிடமும் இருப்பதால், எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே பெயரைவிடப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது ரேடியோ இணைப்பு. தொலைவில் ஒரு மேட்டில் கோபுரம், எங்கள் மொட்டை மாடியில் ஒரு சிறிய டிஷ், நடுவே ரப்பர் தோட்டம். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலையுதிர்த்து நிற்கும்போது அது மிக நன்றாகவே வேலை செய்தது. தளிர் விட்டு, இலை முற்றி, இடவப்பாதி மழையில் நனைந்து தொங்கும்போதோ அதன் மேல் நம்பிக்கை வைக்க முடியாது. நீர் தங்கிய இலைகள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். அந்த இணைப்பில் விசித்திரமான ஒன்றைக் கவனித்தேன். பிங் (சிறு செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தால் தரவு தொலைவதாகத் தெரியாது, ஆனால் போய்வரும் நேரம் ஒரு கணம் 40 மில்லி விநாடி, அடுத்த கணம் 600 என்று குதிக்கும். ரேடியோ கருவிகள் தமக்குள்ளேயே ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை கேட்டு, வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். இழப்பு மறைந்து, தாமதமாக வேடமிட்டு வெளியே வந்தது. ஃபைபருக்கு மாறியதன் முதல் காரணம் அதுதான்.

ஃபைபர் போட வந்தவர்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். கம்பத்திலிருந்து கேபிளை இறக்கி, இழையை உருக்கி ஒட்டி, சுவரில் பெட்டி வைத்து, கருவியில் ஒளியளவு மைனஸ் 19 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) என்று காட்டியதை என்னை அழைத்துக் காண்பித்தார்கள். இந்த வகை ஃபைபரில் வீட்டுப் பக்கக் கருவி பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் 19 என்பது நல்ல அளவு. அந்த எண்ணைச் சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்தேன். பின்னால் அது பெரிதும் உதவியது.

முதல் ஐந்து மாதங்கள் குறை சொல்ல எதுவும் இல்லை. எங்கள் சிடி படம் ஒன்று 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக ஏறத்தாழ அரை மெகாபைட். மார்பும் வயிறும் சேர்த்து எடுத்தால் 800 படங்கள் வரும். மொத்தம் 400 மெகாபைட்டுக்குச் சற்று மேல். இது ஒன்றரை நிமிடத்துக்குள் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது. பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊருக்கு எங்கள் தரவு சென்னை வழியாகச் சுற்றிப் போகிறது என்பதைத் தடம் பார்க்கும் கட்டளையில் கண்டபோது வியப்பாக இருந்தது. போய்வர 40 மில்லி விநாடி ஆவது அதனால்தான். ஆனாலும் அதனால் நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை.

ஆறாவது மாதத்தில், ஒரு காற்று மழை நாளில் பலாக் கிளை முறிந்து விழுந்து கேபிள் அறுந்தது. மறுநாள் காலையிலேயே சரிசெய்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அன்று மாலையிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் போன படங்கள் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டன. புகார் செய்தபோது வந்தவர் தன் கைப்பேசியில் வேகச் சோதனை நடத்தி, 94 எம்பிபிஎஸ் வருவதைக் காட்டி, "லைட்டும் வருது, ஸ்பீடும் வருது, இதுக்கு மேல என்ன சார் பார்க்கணும்?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனை 94 காட்டியதும் உண்மை, எங்கள் படங்கள் நகராமல் கிடந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு விடை, இணையம் தரவை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதில் இருக்கிறது.

இணையத்தின் அடித்தளமான ஐபி எந்த உறுதியும் தருவதில்லை. தரவின் சிறு துண்டான பாக்கெட்டைக் கொடுத்தால் கொண்டுபோக முயலும். வழியில் தொலையலாம், முறை மாறிப் போகலாம், ஒன்று இரண்டாகவும் போகலாம். அதன் மேல் உட்கார்ந்து நம்பகத்தை உண்டாக்குவது டிசிபி என்னும் நெறிமுறை. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்து, 1981இல் முறையான ஆவணமாகி, 2022இல் புதுப்பித்து எழுதப்பட்ட அந்த நெறிமுறை, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கிறது. பாக்கெட்டுக்கு எண் கொடுப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் எண் பைட்டுக்கு உரியது. பெறும் கணினி, தான் அடுத்து எதிர்பார்க்கும் பைட்டின் எண்ணை ஒப்புகையாகத் திருப்பி அனுப்பும். பதிவுத் தபாலில் கையெழுத்துடன் திரும்பி வரும் ஒப்புகை அட்டையைப் போன்றது இது. வேறுபாடு என்னவென்றால், ஓர் அட்டை வந்தால் அதுவரை அனுப்பிய எல்லாமே இடைவெளியின்றி வந்துவிட்டன என்று பொருள்.

நடுவில் ஒன்று தொலைந்தால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பெறும் கணினி அதே பழைய எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படி ஒரே ஒப்புகை கூடுதலாக மூன்று முறை வந்ததும், அனுப்பும் கணினி காலம் கடத்தாமல் தொலைந்ததை மீண்டும் அனுப்பிவிடும். இடையில் எவை வந்தன, எவை வரவில்லை என்று பிரித்துச் சொல்லும் வசதி 1996இல் சேர்க்கப்பட்டது. அதனால் வந்தவற்றையே மறுபடி அனுப்பும் வீண் வேலை குறைந்தது. ஒப்புகையே வராமல் போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. போய்வரும் நேரத்தின் சராசரியை எடுத்து, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் நான்கு மடங்கை அதனுடன் கூட்டிக்கொள்கிறது. எங்கள் பழைய ரேடியோ இணைப்பில் இந்த ஏற்ற இறக்கமே பெரிதாக இருந்ததால், காத்திருப்பும் நீண்டது என்பது இப்போது புரிகிறது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், நூற்றில் ஒரு பாக்கெட் தொலைந்தால் நூற்றில் ஒரு பங்கு வேலைதான் கூட வேண்டும். எங்கள் 400 மெகாபைட்டில் சுமார் 2,90,000 பாக்கெட்டுகள். அதில் 2,900ஐ மறுபடி அனுப்ப ஒரு விநாடி கூடப் பிடிக்காது. பிறகு ஏன் பதினைந்து நிமிடம்?

1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கெஜ இடைவெளியில் இருந்த இரண்டு இடங்களுக்கு இடையிலான இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. பாக்கெட்டுகள் தொலைந்தன, தொலைந்ததால் எல்லாக் கணினிகளும் மறுபடி அனுப்பின, மறுபடி அனுப்பியதாலேயே மேலும் தொலைந்தன. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு இன்றும் இணையத்தைத் தாங்கி நிற்கிறது. பாக்கெட் தொலைந்தால் பாதை நெரிசலாக இருக்கிறது என்று பொருள் கொள். உடனே அனுப்பும் அளவைப் பாதியாகக் குறை. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் கூட்டு. ஒவ்வொருவரும் தானாகவே வழிவிடும் இந்தப் பண்பு இல்லையென்றால், இத்தனை கோடிக் கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டிருக்க முடியாது. நான் அறிந்த பொறியியல் தீர்வுகளில் இதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்வுக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: பாக்கெட் தொலைவது நெரிசலால்தான் என்பது. மழையில் நனைந்த ஒரு மோசமான ஒட்டுதலாலும் பாக்கெட் தொலையலாம் என்பதை டிசிபியால் பிரித்தறிய முடியாது. யாருமே இல்லாத சாலையில் நெரிசல் என்று எண்ணி, அது ஒவ்வொரு முறையும் பாதியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். இதற்கு 1997இல் மாத்திஸ் முதலான நால்வர் எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார்கள். ஒரு பாக்கெட்டின் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்து, 1.22ஆல் பெருக்க வேண்டும். எங்கள் கணக்கைப் போட்டேன். 1,452 பைட் பாக்கெட், 40 மில்லி விநாடி, 1 சதவீத இழப்பு: விடை சுமார் 3.5 எம்பிபிஎஸ். 400 மெகாபைட்டை அந்த வேகத்தில் அனுப்பப் பதினைந்து நிமிடம் ஆகும். இழப்பு பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்தால் அதே இணைப்பு 35 எம்பிபிஎஸ் தரும். நூறு எம்பிபிஎஸ் என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறவர்கள் இந்த இழப்பு விகிதத்தை எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேகச் சோதனை ஏமாற்றியதன் காரணமும் இதிலேயே கிடைத்தது. அந்தச் சோதனை ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. ஒன்று வேகத்தைப் பாதியாக்கினால் மற்றவை ஈடுகட்டிவிடும். மேலும் அந்தச் சோதனை சர்வர் நடத்துநரின் வலையமைப்புக்குள்ளேயே, 3 மில்லி விநாடித் தொலைவில் இருந்தது. சூத்திரப்படி போய்வரும் நேரம் பதின்மூன்றில் ஒரு பங்கானால் வேகம் பதின்மூன்று மடங்காகும். எங்கள் படங்களோ ஒரே இணைப்பில், 40 மில்லி விநாடித் தொலைவுக்குப் போகின்றன. இழப்பால் இவ்வளவு பாதிக்கப்படாமல் பாதையின் கொள்ளளவையே அளந்து பார்த்து அனுப்பும் பிபிஆர் என்ற முறையைக் கூகுள் 2016இல் வெளியிட்டது. ஆனால் எங்கள் ஸ்கேன் கருவியுடன் வந்த கணினியில் அதை மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை.

வயர்ஷார்க் மென்பொருளில் ஒரு முழு அனுப்புதலையும் பதிவு செய்து, திரும்பத் திரும்ப வந்த ஒப்புகைகளை எண்ணி, அச்சிட்டு எடுத்துக்கொண்டு நடத்துநரின் அலுவலகத்துக்கு நேரில் போனேன். கூடவே ஒளியளவையும் சொன்னேன்: சுவரில் எழுதியிருந்தது மைனஸ் 19, இப்போது இருப்பது மைனஸ் 26. ஏழு டெசிபெல் குறைவு என்றால் முன்பு வந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. எங்களிடமிருந்து மேலே போகும் ஒளியும் அதே ஒட்டுதலைக் கடந்தே போக வேண்டும். அங்கிருந்த இளம் பொறியாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார், தன் பக்கக் கருவியில் எங்கள் இணைப்பின் பிழை எண்ணிக்கையைப் பார்த்தார், அன்று மாலையே ஆள் அனுப்பினார். கிளை விழுந்த இடத்தில் இழையை உருக்கி ஒட்டாமல், அவசரத்துக்கு ஒரு கிளிப்பால் இணைத்து, நீர் புகும் பெட்டியில் வைத்திருந்தது தெரியவந்தது. உருக்கி ஒட்டிய பின் ஒளியளவு மைனஸ் 19.5. படங்கள் மறுபடி ஒன்றரை நிமிடத்தில் போயின. முதலில் வந்தவரும் இப்படி ஒளியளவைப் பார்த்திருந்தால் பதினொரு நாள் இரவுகள் வீணாகியிருக்காது. இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் குறைப்பது இந்த ஓரிடத்தில்தான்.

அந்தப் பதினொரு நாளில் ஒரு படம்கூடச் சிதையவோ தொலையவோ இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமதமானது, ஆனால் ஒவ்வொரு பைட்டும் போய்ச் சேர்ந்தது. அதற்கு டிசிபி மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பாக்கெட் சிதையாமல் வந்ததா என்று பார்க்க அது வைத்திருக்கும் சரிபார்ப்புக் கூட்டு 16 பிட் அளவே உடையது; கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால், பாக்கெட்டுக்குள் இரண்டு 16 பிட் துண்டுகள் இடம் மாறினால் அது கண்டுபிடிக்காது. மருத்துவப் படத்துக்கு இந்தக் காவல் போதாது. நோயாளியின் அந்தரங்கத்துக்காக நாங்கள் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துடன்தான் அனுப்புகிறோம். ஒரு பிட் மாறினாலும் அது ஏற்காது என்பதால் சரிபார்ப்பும் அங்கேயே வலுவாகிவிடுகிறது.

இன்னொரு நுட்பம் எனக்கு ஓர் இரவில் விளங்கியது. மருத்துவரின் கணினியில் வட்டு நிறைந்துவிட்டது. எங்கள் பக்கம் டிசிபி ஒப்புகைகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அந்த ஒப்புகையின் பொருள், தரவு அந்தக் கணினியின் இயங்குதளத்தின் கைக்கு வந்தது என்பது மட்டுமே. வாசலில் இருந்தவர் தபாலை வாங்கிக்கொண்டார்; வீட்டுக்காரர் பிரித்தாரா, பத்திரப்படுத்தினாரா என்பது அவருக்குத் தெரியாது. எங்களைக் காப்பாற்றியது மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் நெறிமுறை. அதில் ஒவ்வொரு படத்துக்கும் பெறும் மென்பொருளே பதில் சொல்ல வேண்டும்: 0000 என்றால் வெற்றி, ஏ7 என்று தொடங்கினால் இடமில்லை. அன்று ஏ700 என்று சிவப்பில் வந்தது, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். நம்பகத்தைக் கடைசி முனையில்தான் முழுமையாக உறுதிசெய்ய முடியும், நடுவில் உள்ளவர்கள் செய்வது வேகத்துக்கான உதவி மட்டுமே என்று சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1980களின் தொடக்கத்திலேயே வாதிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் ஒரு கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதுதான். டைகாமில் இதற்கும் ஒரு படி மேலே, படத்தை நிலையாகச் சேமித்துவிட்டேன் என்று பெறுபவர் பொறுப்பேற்கும் வசதி இருக்கிறது. அந்தச் செய்தி வராமல் எங்கள் கணினியிலிருந்து எதையும் நாங்கள் அழிப்பதில்லை.

இந்தப் பதிலுக்கு விலையும் உண்டு. பொதுவாக ஒரு படத்துக்குப் பதில் வந்த பிறகே அடுத்த படம் கிளம்பும். படத்துக்கு 40 மில்லி விநாடி வீதம் 800 படங்களுக்கு 32 விநாடி வெறும் காத்திருப்பு. படங்களை நான்கு இணைப்புகளாகப் பிரித்து அனுப்பும்படி அமைத்ததும் அது வெகுவாகக் குறைந்தது. இதில் நடத்துநர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அவர்கள் செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது, அதை இன்னும் செய்யவில்லை. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், அவர்களுடைய கருவி ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் இருந்தால் அது மறந்துவிடுகிறது. டிசிபியைப் பொறுத்தவரை பேசாமல் இருப்பது தவறல்ல. இரண்டு முனைகளும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும், நடுவில் மட்டும் வழி அடைபட்டிருக்கும். இத்தகைய கருவிகள் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று இணையத் தர ஆவணமே 2008இல் சொல்லியிருக்கிறது. இரண்டு முறை கேட்டும் நடக்காததால், எங்கள் சர்வரில் 60 விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறாயா" என்று கேட்கும் வசதியை இயக்கிச் சமாளிக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. தொலைபேசியை எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும். மின்தடையின்போது அவர்கள் பக்கம் பேட்டரி நன்றாகத் தாங்குகிறது. ஐப்பசி மாலை இடிமின்னலில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக் கூடாது. சுவரில் செருகிய அடாப்டர் வழியாக எங்கள் கருவி ஒருமுறை கருகியது, மாற்றுக் கருவியை அன்றே தந்தார்கள், பணம் கேட்கவில்லை.

வீட்டில் படம் பார்க்கவும் பிள்ளைகளின் வகுப்புக்கும் இந்த இணைப்பு தாராளமாகப் போதும். மருத்துவம், அச்சகம், திருமண வீடியோ என்று பெரிய கோப்புகளைத் தொலைவுக்கு அனுப்புகிறவர்கள், இணைப்பு எடுத்த அன்றே ஒளியளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பு உண்மையில் போகும் ஊரை நோக்கி ஆயிரம் பிங் அனுப்பி, தொலைந்தவற்றை எண்ணுங்கள். மழையன்று மறுபடியும் எண்ணுங்கள். சென்ற வாரம் அடுத்த ஓராண்டுக்குப் புதுப்பித்தேன். ஒளியளவு மைனஸ் 24க்குக் கீழே இறங்கினால், வேகச் சோதனை என்ன காட்டினாலும், 24 மணி நேரத்துக்குள் ஒட்டுதலைப் பார்ப்போம் என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டேன். அந்த இளம் பொறியாளரே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.